நாற்பத்தெட்டு இலக்கங்கள்

ஆரையம்பதியில் ஆள் படுக்கையாகக் கிடக்கிற வீட்டு ஒழுங்கைக்குள் பிரஷாந்தி போகமாட்டாள். போனால் படலையைச் சாத்துவார்கள். ஒருமுறை, நீரிழிவால் காலை எடுத்துப் படுத்திருந்த ஒருவருக்குப் பப்பாசிப்பழம் கொண்டுபோனபோது அவருடைய மகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "அப்பா இன்னும் சாப்பிடுறார் கா, நீ பொறகு வா" என்றாள். அவர் உள்ளேயிருந்து, "ஆரு, கல்வெட்டா? என்னத்துக்கு இப்பவே வந்த?" என்று கேட்டார். பிரஷாந்தி சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். பதினேழாம் நாள் அவருடைய பெயரைத் தட்டெழுதினாள்.

கல்வெட்டு அடிப்பதுதான் அவளுடைய தொழில். ஆள் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் உற்றார் உறவினர் பெயர்கள். பதினான்கு வருடமாக அடிக்கிறாள். புலம்பல்கள் அவளே கட்டுபவை. கணவனை இழந்தவளுக்கு ஆறு, தாயை இழந்தவர்களுக்கு ஒன்பது, பிள்ளையை இழந்தவர்களுக்கு இரண்டே இரண்டு. எல்லாம் மனப்பாடம். பெயரும் எதுகையும் மாறும், கண்ணீர் மாறாது. வயது நாற்பத்துநான்கு. கலியாணம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளை "முப்பத்தொண்டு" என்று கூப்பிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. கேட்டு வருகிறவன் அந்த வீட்டுக்கே குடிவந்துவிடுவான். பிரஷாந்தியின் தாய்க்கு இரண்டு மகள்மார், ஒரு வீடு. மூத்தவளுக்குப் பேசிய மூன்று சம்பந்தங்களும் முறிந்த பிறகு இளையவள் ஆர்த்திகாவைக் கேட்டு யோகராசா வந்தார். தாய் ஒரு பகல் முழுக்கக் குசினியில் இருந்து அழுதுவிட்டு வீட்டை ஆர்த்திகாவுக்கு எழுதினாள். மூத்தவளின் கதை அன்றோடு முடிந்தது என்று வீட்டு உறுதிப்பத்திரம் எழுதிய நொத்தாரிசுக்கும் தெரியும். அதனாலோ என்னவோ தாய் ஒரு வரி கூட்டி எழுதச் சொன்னாள்: முன் அறை பிரஷாந்திக்கு, அவள் உயிரோடிருக்கும் வரைக்கும்.

தாய் இறந்து எட்டு வருடமாகிறது. அந்த ஒரு வரி அந்த வீட்டின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இப்போது ஆர்த்திகாவின் மகளுக்கு இருபத்திரண்டு வயது. கல்குடாப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் உறுதியை வாங்கி வாசித்துவிட்டு, "அந்தப் பெரியம்மாட அறை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஆர்த்திகா தமக்கைக்குச் சோறு போடும்போது அகப்பையைக் கோப்பையில் தட்டத் தொடங்கினாள். குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த சாய்ப்புப் பத்தியைத் துப்பரவாக்கிச் சீமெந்தும் பூசிவைத்தார்கள். "உனக்கு நல்ல காத்து வரும் அக்கா" என்றாள். பிரஷாந்தி அறையை விட்டு அசையவில்லை. விறகு மறுபடி பத்திக்கு வந்தது.

யோகராசா ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். அங்கே கணினியில் என்ன கோளாறு என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பார்த்த பிறகு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். சாவு என்றால் பயம். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தவர். அதற்குப் பிறகு பிரஷாந்தி செத்த வீட்டுக்குப் போய் வந்தால், கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் அவர் முகத்தில் முழிக்கவேண்டும். அவள் அடித்த புத்தகம் ஒன்றுகூட விறாந்தை மேசைக்கு வரக்கூடாது. சாவு அறிவித்தல் வானொலியில் தொடங்கினால் எழுந்துபோய் அணைப்பார்.

லப்டொப்பை ஐந்து வருடத்துக்கு முன் வாங்கியவள் பிரஷாந்தி. திறந்தவர் யோகராசா. "மச்சாள், இதுக்கு ஈமெயில் ஒண்டு குடுக்கவேணும், உங்களிட்ட இல்லத்தானே, என்னுடையதப் போடுறன்" என்றார். "போடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

இந்த முறை இறந்தவர் வட்டைவிதானை சாமித்தம்பி. ஒரு வட்டை வயல் முழுவதற்கும் நாற்பது வருடம் தண்ணீர் பிரித்து விட்டவர். அதனால் உறவு பாதி, உறவு கொண்டாடுகிறவர்கள் பாதி என்று பெயர்கள் கொப்பி ஒன்றை நிறைத்திருந்தன. கனடாவுக்கும் சுவிசுக்கும் போன் எடுத்து ஒவ்வொரு பேரப்பிள்ளையின் பெயரையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதி முடிக்க அந்த வீட்டாருக்குப் பத்து நாள் பிடித்தது. சாமித்தம்பியின் மனைவி கண்ணகை படிக்காதவள். அவள் பக்கத்திலிருந்து சொல்லச்சொல்லப் பிரஷாந்தி வாழ்க்கைக் குறிப்பை நேராக இயந்திரத்தில் அடித்தாள். சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. முடிந்ததும், வழக்கம்போல, கொப்பியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினாள். செத்த வீட்டுக் கடதாசி ஒரு துண்டும் துடக்கோடு வீட்டுக்குள் கிடக்கக்கூடாது என்பது ஆர்த்திகாவின் சட்டம். பதினான்கு வருடமாக அப்படித்தான்.

வியாழக்கிழமை முப்பத்தொன்று. செவ்வாய் பின்னேரத்துக்குள் அச்சகத்தில் கொடுக்கவேண்டும். களுவாஞ்சிகுடியில் புதிதாக ஒருவன் கலர் கலராகக் கல்வெட்டு அடிக்கத் தொடங்கியிருந்தான். வட்டைவிதானையின் புத்தகம் பிந்தினால் இனி இந்த ஊரில் ஒரு சாவும் தன்னிடம் வராது என்று அவளுக்குத் தெரியும். தொழில் போனால் மிஞ்சுவது தங்கச்சி வீட்டுக் குசினி.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய அறையில் பிளக் எரிந்து ஒரு மாதம். திருத்தித் தருவதாகச் சொன்ன யோகராசா இன்னும் திருத்தவில்லை. அதனால் லப்டொப் விறாந்தையில் சார்ஜில் கிடந்தது. திரும்பி வந்தபோது அவர் அதற்கு முன்னால் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

"ஒவ்வொரு நாளும் ஒரு மெசேஜ் வந்து நிக்கிது மச்சாள். பழைய வேர்ஷனுக்கு இனிப் பாதுகாப்பு இல்லையாம். அமத்தி விட்டிருக்கன். புதுசு ஏறுது."

"கேட்டிருக்கலாமே மச்சான்."

"கேட்டா நீங்க என்ன சொல்லப்போறீங்க? உங்களுக்கு அது விளங்குமா?"

திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. மத்தியானச் சோறு முடிந்தும் சுற்றின. அறுபத்தொரு வீதத்தில் அரை மணித்தியாலம் நின்றதும் யோகராசாவுக்குப் பொறுமை போய்விட்டது. பொத்தானை அமத்திப் பிடித்து நிற்பாட்டினார். மறுபடி போட்டார். திரை கறுத்தது, சுட்டி அம்பு மட்டும் நடுவில் தனியாக நின்றது. மறுபடி நிற்பாட்டினார். நாலாம் முறை நீலமாக ஒரு பக்கம் வந்து, ஏதோ இலக்கம் கேட்டது. அவர் தன் போனை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"மிஷின் பழசு மச்சாள். சூடு ஆறட்டும்."

சூடு ஆறியது. சார்ஜரைக் கழற்றி, பொத்தானை முப்பதுவரை எண்ணி அமத்தி, திருநீறும் பூசிப் போட்டுப் பார்த்தாள். அதே நீலம். அந்த நேரம் பார்த்துக் கண்ணகை போன் எடுத்தாள்.

"எல்லாம் சரிதானே மகள்?"

"ஓம் மாமி. சரி."

திங்கட்கிழமை காலை காத்தான்குடியில் அஸ்பாக்கின் கடைக்குக் கொண்டுபோனாள். முப்பது வயது, கதை குறைந்த ஆள். பழுதான பொருளைவிட அதைக் கொண்டுவருகிறவரின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

"புதுசு ஏத்தின ஆரு அக்கா?"

"தங்கச்சிட புருசன்."

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியும் எண்டுதான் சொல்லுவார்."

அடிமூடியைக் கழற்றி, நினைவகத் தகட்டை எடுத்து அழிறப்பரால் தேய்த்து ஊதிப் போட்டான். நீலம். உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன்னுடைய கணினியில் மாட்டினான். டிஸ்க் வந்தது, அதன் தலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படமும் வந்தது. அஸ்பாக் நாற்காலியில் சாய்ந்தான்.

"மிஷின்ல ஒண்டுமில்ல அக்கா. உங்கட சாமான் எல்லாம் உள்ளுக்குப் பத்திரமாக் கிடக்கு. பூட்டிக் கிடக்கு. வாங்கின நாளையில இருந்தே பூட்டுத்தான், நமக்குத் தெரியிறல்ல. ஏறக்குள்ள இடையில நிப்பாட்டினா அதுக்குச் சந்தேகம் வந்திரும், கள்ளனோ எண்டு பாக்கும். நாப்பத்தெட்டு இலக்கம் கேக்கும்."

"உடைக்க ஏலாதா தம்பி?"

"நான் என்ன, இதச் செஞ்சவன் வந்தாலும் ஏலா. அழிச்சிப்போட்டுப் புதுசாப் போட்டுத் தரலாம். உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் போயிரும்."

"அந்த இலக்கம் எங்க கிடக்கும்?"

"மொதல்ல திறக்கக்குள்ள ஆர்ட ஈமெயில் குடுத்தீங்க? அதுலதான் கிடக்கும்."

பிரஷாந்தி கடை வாசலில் நின்று யோகராசாவுக்குப் போன் எடுத்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "ஓம், என்ர போன்ல கிடக்கு. வீட்ட வாங்க, கதைப்பம்" என்றார்.

அன்று அரைநாள் லீவு போட்டிருந்தார். விறாந்தை மேசையில் அவர் ஒரு பக்கம், ஆர்த்திகா ஒரு பக்கம். நடுவில், பொலித்தீன் உறையில், இரண்டு வருடமாக அலுமாரியில் கிடந்த கடதாசி. முன் அறையில் தனக்குள்ள உரித்தைப் பிரஷாந்தி முழுமனதோடு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது.

"நேத்து போனோட வளவுக்குள்ள போய் நிண்டு பாத்தது அந்த இலக்கத்தத்தானா மச்சான்?"

"ஓம்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கல்லயே மச்சாள்."

ஆர்த்திகா மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "நாங்க என்ன உன்னத் தெருவிலயா விடுறம்? பத்தி கிடக்குத்தானே. ஒரு குமர்ப்புள்ளட வாழ்க்கை அக்கா. கல்வெட்டு அடிக்கிற அறைக்குப் பக்கத்தில மணவறை வைக்க ஏலுமா, நீயே சொல்லு."

"அம்மா எழுதித் தந்தது ஆர்த்தி."

"அம்மா செத்திட்டா. நீதானே அவக்கும் கல்வெட்டு அடிச்ச."

யோகராசா கடதாசியை விரலால் நேராக்கினார். "நாளைக்கு நாலு மணிக்கு நொத்தாரிசு இருப்பார். மத்தியானம் நான் சாப்பிட வரக்குள்ள சொல்லுங்க. கையெழுத்தப் போட்ட உடன நாப்பத்தெட்டையும் வாசிச்சு விடுறன். பின்னேரம் அச்சகத்துக்குக் குடுக்கலாம்." பிறகு, சமாதானமாக, "உங்களுக்குத்தான் சொல்லுறன் மச்சாள். எனக்கு இதில என்ன கிடக்கு?" என்றார்.

பிரஷாந்தி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில், அலுமாரி, தாயின் படம், எரிந்த பிளக். ஒழுங்கையைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலால்தான் ஆட்கள் கூப்பிட்டு, "அக்கா, எங்கட அப்பா போயிட்டார்" என்பார்கள். பத்திக்குள் வந்து கூப்பிடுவதென்றால் ஆர்த்திகாவின் குசினியைத் தாண்டி வரவேண்டும். செத்த வீட்டு ஆளை அவள் தாண்ட விடமாட்டாள். அறை போனால் தொழிலும் போகும். அறை போகாவிட்டால் நாளைக்கே தொழில் போகும். அவர்கள் இதை யோசிக்காமலும் இருக்கலாம். யோசித்துத்தான் செய்தார்களா என்பது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு தன் போனில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தங்கச்சி மகளின் பிறந்தநாளில் யோகராசா நீலச் சேட்டுப் போட்டு நிற்கிற படம் நன்றாக வந்திருந்தது. பின்னுக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. ஆளை மட்டும் வெட்டியெடுப்பது லேசு.

செவ்வாய் காலை கடை திறக்கும்போதே அஸ்பாக்கின் வாசலில் நின்றாள்.

"இலக்கம் கிடைச்சிதா அக்கா?"

"மத்தியானம் கிடைக்கும். ஒரு மணித்தியாலம் உங்கட கொம்பியூட்டரத் தருவீங்களா தம்பி? பாமினித் தமிழ் எழுத்து இருக்கா?"

இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். தேவாரம் மனப்பாடம். வாழ்க்கைக் குறிப்பும் அவளுக்குப் புதிதல்ல. எழுதுவினைஞராகக் கடமை புரிந்தார், கணினி அறிவில் சிறந்து விளங்கினார், எவர் கேளாமலும் உதவும் குணமுடையவர் என்று விரல்கள் தாமாகவே ஓடின. மனைவி புலம்பலுக்கு மூன்றாவதை எடுத்து ஆர்த்திகாவின் பெயருக்கு எதுகை மாற்றினாள். மகள் புலம்பலில் மணவறை வந்தது. மைத்துனி புலம்பல் என்று ஒன்று அவள் இதுவரை எந்தப் புத்தகத்திலும் போட்டதில்லை. அதைப் புதிதாகக் கட்டக் கால் மணித்தியாலம் பிடித்தது.

பாசமுடன் பார்த்தீரே பக்கத்து அறையினையே
வாசலிலே நின்றீரே வழிபார்த்துக் காலமெல்லாம்
நேசமுள்ள மைத்துனியாள் நிலையாக வீற்றிருக்க
மோசம்போய் நீர்மட்டும் முந்தியெங்கே போனீரோ

அஸ்பாக் அச்சு இயந்திரத்திலிருந்து தாள்களை எடுத்து அடுக்கும்போது அட்டையைப் பார்த்தான். படத்தின் கீழே தோற்றம் என்று பிறந்த திகதி இருந்தது. மறைவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"இந்த மனுசன் எப்ப மௌத்தான?"

"இன்னும் இல்ல."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு தாள்களை ஓரம் தட்டி, நடுவில் இரண்டு முள் அடித்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

யோகராசா பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தார். இறால் குழம்பு. ஆர்த்திகா பக்கத்தில் நின்று பரிமாறினாள். பொலித்தீன் உறை மேசை ஓரத்தில் தயாராக இருந்தது. பிரஷாந்தி அறையிலிருந்து வந்து, அவர் முதல் வாயை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தாள்.

"மச்சான், ஒருக்கா எழுத்துப் பிழை பாத்துத் தாங்க. அச்சுக்குப் போகமுதல் வீட்டாள் ஒருத்தர் பாக்கிறது வழமை."

அவர் வட்டைவிதானையின் புத்தகம் என்று நினைத்து, துடக்குச் சாமான் சோற்றுக்குப் பக்கத்திலா என்று எரிச்சலோடு திரும்பினார். நீலச் சேட்டைக் கண்டார். சோற்றுக் கை அந்தரத்தில் நின்றது.

"திகதி மட்டும் போடல்ல" என்றாள் பிரஷாந்தி. "அது வரக்குள்ள போடலாம். பெயரெல்லாம் சரியா எண்டு பாருங்க. உங்கட மூத்தண்ணன் கோபக்காரர், அவரை மேல போட்டிருக்கன்."

ஆர்த்திகா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பை விழுந்தது. புத்தகத்தை இழுத்து நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள். "பேயடி நீ. பேய். தாலியறுப்பாளே, என்ர தாலியில கை வைக்கிறயா?"

"கிழி. அது கடைக் கொம்பியூட்டர்ல கிடக்கு. எனக்கு அறை இல்ல, தொழில் இல்ல எண்டா நான் வேற என்ன செய்யிற? முன்னூறு அடிச்சு ஊருக்குள்ள சும்மா குடுக்கிறன். கல்குடாவுக்கும் பஸ் கிடக்கு."

யோகராசா நெஞ்சைப் பிடித்தார். உண்மையாகவே பிடித்தார், முகம் ஈரச் சாம்பல் மாதிரி ஆகி, மேலுதடு வியர்த்தது. ஆர்த்திகா ஓடிப்போய்க் குளிசைப் போத்தலைக் கொண்டுவந்து ஒன்றை நாக்குக்குக் கீழே வைத்து, முதுகைத் தடவி, "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, அவள்ட கதைய விடுங்க" என்று அழுதாள். பிரஷாந்தி இரண்டு வருடத்துக்கு முன் இதே மனிதனுக்கு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கஞ்சி கொண்டுபோனவள். கதிரையை இழுத்து எதிரே இருந்தாள். சேலை முந்தானையில் செருகியிருந்த பேனையை எடுத்தாள்.

"ஆறு ஆறா வாசிங்க மச்சான்."

அவர் ஆர்த்திகாவைப் பார்த்தார். ஆர்த்திகா நிலத்தில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். ஒரு துண்டில் அவருடைய ஒரு கண் மட்டும் இருந்தது.

"குடுத்துத் தொலையுங்க" என்றாள்.

சோற்றுக் கையாலேயே போனை எடுத்தார். குளிசை நாக்கடியில் கிடந்ததால் சொற்கள் குழறின. பிரஷாந்தி பொலித்தீன் உறைக்குள் இருந்த கடதாசியை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். ஐந்தாம் கட்டு இலக்கத்தில் ஒன்பதா ஏழா என்று விளங்கவில்லை.

"ஒன்பது... ஒன்பது" என்றார், மூச்சு வாங்கி.

"முதல்ல இருந்து ஒருக்கா வாசிங்க. பிழைச்சா நான் திரும்பி வரவேணும்."

முதலிலிருந்து வாசித்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடதாசியை மடித்துக்கொண்டு எழுந்தாள். இறால் குழம்பு ஆறித் தோல் கட்டியிருந்தது.

ஒன்றே முக்காலுக்கு அஸ்பாக் அந்த எட்டுக் கட்டு இலக்கங்களையும் போட்டான். நீலம் விலகியது. பாதியில் நின்ற புதுசைத் தானே பின்வாங்கிக்கொண்டு இயந்திரம் பழைய முகத்தோடு வந்தது. வட்டைவிதானை சாமித்தம்பி நாற்பத்துநான்கு பக்கங்களோடும் அப்படியே கிடந்தார். பின்னேரம் அச்சகம். வியாழக்கிழமை புத்தகம் வந்தவர்களின் கைக்குப் போனது. கண்ணகை எழுத்துத் தெரியாமல் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தாள். சுவிஸ் மருமகனின் பெயர் அவருடைய தம்பியின் பெயருக்குக் கீழே வந்துவிட்டதென்று ஒருவர் பந்தலுக்குள் நின்று பிரஷாந்தியை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அது தொழிலோடு வருவது.

யோகராசா சாகவில்லை. ஒரு கிழமை லீவு எடுத்து, மூன்று கோயிலில் தன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். வானொலியின் சாவு அறிவித்தலை விட்டு இப்போது அவளுடைய காலடிச் சத்தத்துக்கே எழுந்து போகிறார். அறையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கல்குடாச் சம்பந்தம் பிசகிவிட்டது. என்ன காரணமென்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லவில்லை. தங்கச்சி மகள் பெரியம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். அந்தப் பெண்ணின் முதல் தலைமுடியிலிருந்து பேன் பார்த்து வளர்த்தவள் பிரஷாந்தி. இப்போது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை அறைக்குள் வைத்துத் தனியாகச் சமைக்கிறாள். மீன் பொரித்தால் வாசம் அறையை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

அடுத்த கிழமை அஸ்பாக்கிடம் போய், தன் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து, லப்டொப்பை அதற்கு மாற்றினாள். கடவுச்சொல்லை அவளே அடித்தாள்; அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலை முடிந்து கிளம்பும்போது அவன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அந்த மனுசன்ட புத்தகம் என்ட கொம்பியூட்டர்ல கிடக்கு. அழிக்கட்டா?"

பிரஷாந்தி கைப்பையைத் திறந்து பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல போட்டுத் தாங்க தம்பி" என்றாள். "எப்பயோ அடிக்கத்தானே வேணும்."